நம்மூர்க் குளிர் என்ன செய்துவிடும்?

காணும் பொங்கலுக்கு முந்தைய இரவில் அலங்காநல்லூரை நோக்கி வரும் சாலைகளின் ஓரத்தில் குட்டியானை வண்டிகளும் மினி லாரிகளும் வரிசைகட்டி நிற்கும். சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை, திருச்சி என்று பல மாவட்டங்களிலிருந்து ஜல்லிக்கட்டுக்கு வந்தவர்கள், இறக்கிவிட்ட காளையின் கயிற்றைப் பிடித்தபடி விடியும்வரை வெட்டவெளியில் இருப்பார்கள். வடக்கே சிறுமலை. சுற்றிலும் பெரியாறு பாசனத்தில் ஈரம் காயாத வயல்கள். நள்ளிரவு தாண்டியதும் பனி இறங்கத் தொடங்கும். மூன்று மணிக்கெல்லாம் வண்டித் தார்ப்பாய் நனைந்து சொட்டும். அங்கே நிற்பவர்களின் உடுப்பை மட்டும் பார்த்தால் சித்திரை மாதம் என்றுதான் சொல்லத் தோன்றும். மாட்டின் படம் அச்சிட்ட ஒரு பனியன், ஒரு கைலி, ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. அப்பாவோடு வந்த பையன் வெறும் தரையில் சுருண்டு கிடப்பான். யாராவது கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "நம்மூர்ல என்னண்ணே குளிரு? இதென்ன ஊட்டியா?"

இந்தப் பதில் தவறு. மதுரைச் சமவெளியில் பிறந்து வளர்ந்த ஏறக்குறைய எல்லாரும் நம்புகிற தவறு. குளிர் மலைக்கு உரியது, நமக்கு வெயில்தான் பகை என்ற இந்த நம்பிக்கை வீட்டில் ஒரு ஸ்வெட்டர் வாங்கவிடாமல் தடுக்கிறது. திருவிழா நடத்துகிறவர்களை ஒரு கூரை போடவும் யோசிக்கவிடாமல் தடுக்கிறது. மார்கழியிலும் தையிலும் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற பெரியவர்களுக்கு "வயசாச்சு" என்று காரணம் சொல்லிவிட்டுக் கலைந்துபோக வைக்கிறது.

குளிர் அதிகமாக உள்ள ஊரில்தான் குளிரால் அதிகம் பேர் சாவார்கள் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர் எதிர். 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் 'யூரோவின்டர்' என்ற ஆய்வுக் குழுவின் கட்டுரை வெளிவந்தது. ஐரோப்பாவின் குளிர்ந்த பகுதிகளையும் மிதமான பகுதிகளையும் எடுத்துக்கொண்டு, வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் இறப்பு எவ்வளவு கூடுகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தெற்கு பின்லாந்தில் 0.27 சதவீதம் கூடியது. கிரேக்கத்தின் ஏதென்ஸில் 2.15 சதவீதம். வெயிலுக்குப் பேர்போன ஊரில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. காரணத்தையும் அவர்கள் மக்களிடம் கேட்டே கண்டுபிடித்தார்கள். ஒரே அளவு குளிரில் வெளியே போகும்போது பின்லாந்துக்காரர் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேலங்கி அணிந்திருந்தார்; உடம்பை அசைத்துக்கொண்டே இருந்தார். மிதமான ஊர்க்காரர் "இந்தக் குளிருக்கு எதற்கு" என்று அப்படியே போய், நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு, அதே துறை ஆய்வாளர்கள் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. மனிதர்கள் வாழும் நகரங்களில் உலகிலேயே கடுங்குளிரான ஊர்களில் அது ஒன்று. வெப்பநிலை மைனஸ் 48 டிகிரி வரை இறங்கியபோதும் அங்கே மொத்த இறப்பும் இதயநோய் இறப்பும் குளிரோடு சேர்ந்து ஏறவில்லை. வெளியே வருகிறவர்கள் சராசரியாக நான்கு அடுக்குக்கு மேல் உடுத்தியிருந்தார்கள். மிகக் குளிர்ந்த நாட்களில் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார்கள். குளிரைக் குளிர் என்று ஒப்புக்கொண்ட ஊர் தப்பித்தது.

ஐரோப்பாவும் சைபீரியாவும் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தியக் கணக்கே இருக்கிறது. நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் இறப்புகளின் காரணத்தைப் பதிவு செய்த 'பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு' என்ற பெரும் பணியிலிருந்து 2001 முதல் 2013 வரையான தரவுகளை எடுத்து, வானிலைப் பதிவுகளோடு பொருத்தி, 2018-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. வெப்பநிலையை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். கடுங்குளிர், மிதமான குளிர், மிதமான வெப்பம், கடும் வெப்பம். இதில் 'மிதமான குளிர்' என்று அவர்கள் வகுத்த எல்லை 13.8 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை. மதுரையின் மார்கழி, தை இரவுகள் மொத்தமும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. நான்கிலும் அதிக உயிர்களோடு தொடர்புடையதாக வெளிப்பட்டது இந்த மிதமான குளிர்தான். 2015-இல் மட்டும் 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் பக்கவாதம், இதயநோய், சுவாசநோய் ஆகியவற்றால் ஏற்பட்ட சுமார் 1 லட்சத்து 97 ஆயிரம் இறப்புகளுக்கு அது காரணம் என்று மதிப்பிட்டார்கள். கடுங்குளிரின் கணக்கைப்போல 12 மடங்கு. கடும் வெப்பத்தின் கணக்கைப்போல 42 மடங்கு.

இது மதிப்பீடு, கூடக்குறைய இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எல்லையும் கொடுத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் என்று அவர்கள் சொல்லும் எண்ணே 1 லட்சத்து 21 ஆயிரம். வெயில் ஆபத்தில்லை என்பதும் இதற்குப் பொருளில்லை. வெயில் கொல்வது கண்ணுக்குத் தெரிகிறது, உச்சி வெயிலில் சாலையில் விழுகிறவரை நாலு பேர் பார்க்கிறார்கள். குளிர் இரண்டு நாள் கழித்து, மருத்துவமனைக் கட்டிலில், வேறு பெயரில் கொல்கிறது.

எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் அலங்காநல்லூர் வரிசையில் நிற்பவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது விளங்கும். ஆடையின்றி அசையாமல் இருக்கும் மனித உடல் தன் சூட்டைச் சிரமமில்லாமல் காத்துக்கொள்ளச் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 28 டிகிரியில் இருக்க வேண்டும். ஜனவரியில் மதுரை இரவு 20 டிகிரியை ஒட்டி இருக்கும். சில நாள் அதற்கும் கீழே போகும். அந்த எட்டு டிகிரியை உடல் ஈடுகட்டியாக வேண்டும். அதற்கு அது முதலில் செய்வது தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சூடான ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்வது. குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். உள்ளே திரண்ட நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதால் ரத்தம் கெட்டிப்படும், உறையும் தன்மை கூடும். இருபது வயதுக்காரனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவனோடு கயிற்றைப் பிடித்து நிற்கும் அறுபது வயது அப்பாவுக்கு, ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, இதயத்தில் அடைப்பு இருந்தும் தெரியாதவருக்கு, அந்த இரவு முழுக்க இதயம் கூடுதல் சுமை இழுக்கிறது.

காற்றின் வெப்பநிலை மட்டும்தான் குளிர் என்று நினைப்பது இன்னொரு பிழை. செல்போனில் 20 டிகிரி என்று காட்டும். அதே நேரம் மேகமில்லாத வானத்தின் கீழ் கிடக்கும் உடல் தன் சூட்டை நேராக வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். தார்ப்பாயும் வைக்கோலும் காற்றைவிடக் குளிர்ந்து அவற்றின் மேல் பனி நீராகப் படிவது இதனால்தான். புளியமரத்தடியில் படுத்தவருக்குப் பனி குறைவாகவும் நடு மைதானத்தில் படுத்தவருக்கு அதிகமாகவும் இருப்பதை ஊரில் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். தரை இன்னொரு பக்கம் சூட்டை உறிஞ்சும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே பனியில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்ட பருத்திச் சட்டை, உலர்ந்த சட்டை தந்த காப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இதோடு தூக்கம் சேர்கிறது. உறங்கும்போது உடல் வெப்பம் தானாகவே குறைந்து, விடியலுக்கு முன்பு நான்கு, ஐந்து மணிக்கு அன்றைய நாளின் அடிமட்டத்துக்கு வரும். வெளிக்காற்றும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் அதிகமாகக் குளிர்ந்திருக்கும்.

அரசு இதைக் கணக்கில் எடுப்பதில்லையா? எடுக்க முடியாதபடி கணக்கே வகுக்கப்பட்டிருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் குளிர் அலை என்ற பேச்சே தொடங்கும். பஞ்சாபுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் பொருந்தும் அளவு அது. அதை வைத்துப் பார்த்தால் மதுரைக்குக் குளிர் என்ற ஒன்றே கிடையாது. இறப்புச் சான்றிதழிலும் மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்றுதான் இருக்கும். எந்த மருத்துவரும் "பனியில் படுத்ததால்" என்று எழுதப் போவதில்லை. ஒரு தனி இறப்பை வைத்து அப்படி எழுதவும் முடியாது. ஆயிரக்கணக்கான இறப்புகளை வானிலையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் குளிரின் கை தெரிகிறது. தெரியாததால் இல்லை என்று ஆகிவிட்டது.

"எங்க தாத்தா மார்கழிப் பனியில நாலு மணிக்கு வயலுக்குப் போனாரு, எண்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தாத்தா எப்படிப் போனார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு போனார். அது தலையையும் முதுகையும் இடுப்பு வரை மூடியது. பனி சாக்கின் மேல் நின்றது, சட்டையைத் தொடவில்லை. ராமநாதபுரத்திலிருந்து ஆட்டுக்கிடை ஓட்டி வந்த கீதாரிகள் தோளில் கம்பளி இல்லாமல் வெட்டவெளியில் இரவு தங்கியதே இல்லை. கம்பளி நனைந்தாலும் சூடு தரும். களத்தில் காவலுக்குப் படுத்தவர் வைக்கோலைக் கனமாகப் பரப்பி அதற்குள் புதைந்து படுத்தார். இல்லையென்றால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கயிற்றுக் கட்டில் இருந்தது. அந்தத் தலைமுறை குளிரைப் பொருட்படுத்தாமல் வாழ்ந்தது என்பது நாம் கட்டிக்கொண்ட கதை. அவர்கள் குளிருக்கு மரியாதை கொடுத்தவர்கள். கம்பளியும் கொங்காணியும் கயிற்றுக் கட்டிலும் போய், அவற்றின் இடத்தில் மெல்லிய பாலியஸ்டர் பனியன் வந்து சேர்ந்த பிறகும் தாத்தாவின் பெயரைச் சொல்வது நியாயமில்லை. எண்பது வரை இருந்த தாத்தாவைத்தான் பேரன் பார்த்திருக்கிறான். ஐம்பதில் ஒரு தை மாத விடியலில் போய்ச் சேர்ந்தவரைப் பற்றிப் பேசப் பேரனுக்கு எதுவும் தெரியாது.

2017-ஐச் சுட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று அலங்காநல்லூர் வாடிவாசல் முன்பு ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக இளைஞர்கள் உட்கார்ந்தார்கள்; இரவு முழுக்க அங்கேயே இருந்தார்கள். 17 அதிகாலையில் போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அந்தச் செய்தி பரவித்தான் சென்னை மெரினாவிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் கூட்டம் சேர்ந்தது. 23-ஆம் தேதி வரை லட்சக்கணக்கானோர் தை மாத இரவுகளைத் திறந்த வெளியில் கழித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் இளைஞர்கள். தோளோடு தோள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நெருங்கிய கூட்டத்தில் ஒருவர் உடல் மற்றவருக்குக் காற்றுத் தடுப்பு. பாடினார்கள், முழக்கமிட்டார்கள், பறையடித்தார்கள். ஊரே சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது. வயிறு நிறைந்து, அசைந்துகொண்டு, நெருங்கி இருந்த இளைஞர் கூட்டத்தின் அனுபவத்தை, ஒரு வாய் டீயோடு தனியே மாட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் பெரியவருக்குப் பொருத்துவது ஆபத்தானது.

தலைத் துண்டுக்கு வருவோம். குளிர் காது வழியாக ஏறும், காதை மூடிவிட்டால் போதும் என்பது நம் வீடுகளில் சட்டம். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு, நெஞ்சுப் பட்டன் இரண்டைத் திறந்து வைத்திருப்பார். உடல் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்ற கதை மேல்நாட்டிலும் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1970-ஆம் ஆண்டின் அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்றிலேயே அது இடம்பெற்றிருந்தது. தலை உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான்; அது இழக்கும் சூடும் ஏறத்தாழ அந்த அளவுதான் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. தலையை மூடுவது நல்லது, கட்டாயம் மூட வேண்டும். மூடிவிட்டு மிச்சம் ஒன்பது பங்கைப் பனிக்கு விடுவதுதான் தவறு.

எல்லாவற்றையும்விடக் கொடிய பொய் வேறொன்று. "ஒரு கட்டிங் போட்டா குளிரு தெரியாது."

குளிர் தெரியாது என்பது உண்மை. ஆபத்தும் அதில்தான். குளிருக்கு எதிராக உடல் சுருக்கி வைத்திருக்கும் தோல் ரத்தக்குழாய்களை மது விரித்துவிடுகிறது. உள்ளுறுப்புகளைக் காக்க உள்ளே இழுக்கப்பட்ட சூடான ரத்தம் மறுபடி தோலுக்குப் பாய்கிறது. முகமும் கையும் கதகதப்பாகும். அந்தக் கதகதப்பு இதயத்தையும் ஈரலையும் விட்டு வெளியேறிப் பனிக்காற்றில் கலந்துகொண்டிருக்கும் சூடு. நடுக்கம் என்பது தசைகளை வேலை வாங்கிச் சூடு உண்டாக்கும் உடலின் ஏற்பாடு. மது அதையும் மட்டுப்படுத்துகிறது. ஈரல் மதுவைக் கையாள்வதில் மும்முரமாக இருப்பதால் ரத்தச் சர்க்கரையை ஈடுகட்டும் வேலை தடைப்படுகிறது; காலியான வயிறாக இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவராக இருந்தால் இன்னும் மோசம். கடைசியாக, மது புத்தியை மழுக்குகிறது. நனைந்த சட்டையைக் கழற்ற வேண்டும், எழுந்து கூரைக்குக் கீழே போக வேண்டும் என்ற எண்ணமே வராமல் விழுந்த இடத்தில் தூங்க வைக்கிறது. குளிர்நாடுகளில் குளிரால் இறந்தவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது ரத்தத்தில் மதுவைத்தான்.

ஜல்லிக்கட்டுக் களத்தில் இந்த அறிவு பாதிக்கு இருக்கிறது. மாடு பிடிக்க வரும் வீரர்களைக் காலையில் மருத்துவக் குழு சோதிக்கிறது. மது குடித்திருப்பது தெரிந்தால் களத்துக்குள் விடுவதில்லை. காளைகளையும் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். காளைகள் காத்திருக்கும் இடத்தில் நிழல், தீவனம், தண்ணீர் எல்லாம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நல்ல விதி. இரவெல்லாம் அந்தக் காளையின் கயிற்றைப் பிடித்து நிற்கிறவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சோதனை காலையில் தொடங்குகிறது. 'குளிருக்கு' என்று சொல்லிக் குடிப்பது முந்தைய இரவிலேயே முடிந்துவிடுகிறது.

தீ மூட்டிக் குளிர் காய்வதில் தவறில்லை, அதன் எல்லை தெரிந்திருந்தால். நெருப்பு ஒரு பக்கத்தைத்தான் சூடாக்கும். முதுகு திறந்தே கிடக்கும். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால் அந்தப் புகை, குளிரில் ஏற்கெனவே இறுகிய மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் தீயருகே காலை நீட்டித் தூங்கிவிட்டுக் கொப்புளத்தோடு எழுவதுண்டு. எந்தக் காரணத்துக்காகவும் கரி அடுப்பை வண்டிக் கேபினுக்குள்ளோ மூடிய கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் அடுப்புக்கரி கனன்றுகொண்டிருக்கத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அலங்காநல்லூர் வரிசை ஆண்டுக்கு ஒரு இரவு. மற்ற இரவுகளில் வெட்டவெளியில் இருப்பவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். மார்கழிப் பனியில் அரும்பு கருகி வரத்துக் குறைவதும், பொங்கல் நெருங்கும்போது கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதும் ஆண்டுதோறும் செய்தியாகிறது. பனி அரும்பை என்ன செய்கிறது என்று மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குத் தெரியும். விடியுமுன் பனி சொட்டும் செடிகளுக்குள் இறங்கி, முழங்கை வரை நனைந்து, விறைத்த விரலால் அரும்பைக் கிள்ளும் பெண்ணுக்கு அதே பனி என்ன செய்கிறது என்று சந்தை கேட்டதில்லை. அவருக்கு வேண்டியது ஒரு ரெக்சின் மேலுறையும் உலர்ந்த மாற்றுச் சேலையும்.

விடியலில் பைக்கில் பால் கொண்டுபோகிறவர், பேப்பர் போடுகிறவர், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் என்று இந்த வரிசை நீளும். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து வெளியே படுக்கிற உறவினர்கள் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் வெறுங்காலோடு, ஈரத் துணியோடு, சாலையோரம் படுக்கிறார்கள். வீடற்றவர்களுக்கோ இரவுதோறும் இதே நிலைதான். 2010-இல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கில் வீடற்றோர் இல்லங்கள் அமைக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குத் தூண்டுதலே டெல்லியில் நடுக்குளிரில் ஒரு தங்குமிடம் இடிக்கப்பட்டதுதான். 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை பத்து லட்சத்தைத் தாண்டிய நகரம். அந்த உத்தரவு டெல்லிக் குளிருக்கு மட்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல, செலவானவையும் அல்ல. படுக்கும் இடத்தில் உடம்புக்கு மேலே போர்த்துவதற்கு முன் கீழே விரிக்க வேண்டும். பிரித்த அட்டைப்பெட்டி, இரண்டு உரச்சாக்கு, வைக்கோல், எதுவானாலும் சரி. தரைக்கும் முதுகுக்கும் நடுவில் காற்று அடைபட்ட ஓர் அடுக்கு வேண்டும். கனமான ஒரே உடுப்பைவிட மெல்லிய இரண்டு உடுப்பு மேல், மேலே காற்றும் பனியும் புகாத ஒன்று. பைக் ஓட்டுகிறவர்கள் சட்டைக்குள் செய்தித்தாளை வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் முற்றிலும் சரியானது. நனைந்த சட்டையை உடனே மாற்ற வேண்டும். மாற்றுச் சட்டை பாலித்தீன் பைக்குள் இருக்க வேண்டும். காலுக்குச் சாக்ஸ். நள்ளிரவுக்குப் பின் ஒருமுறையாவது சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும். மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும். நெஞ்சுவலி, ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த இரவு வரிசைக்கு வரவே கூடாது. காளையை மகனோ மருமகனோ பார்த்துக்கொள்ளட்டும்.

உடல் தோற்கத் தொடங்குவதைக் கண்டுகொள்ளப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், ஏனென்றால் அது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. விடாத நடுக்கம் முதல் அறிகுறி. பேச்சுக் குழறுவது, சட்டைப் பட்டனைப் போட முடியாமல் விரல் தடுமாறுவது, காரணமில்லாமல் சிடுசிடுப்பது, தள்ளாடுவது எல்லாம் அடுத்த கட்டம். குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிடுவது இங்கேதான். நடுங்கியவர் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்கக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். ஈரத் துணியைக் களைந்து, உலர்ந்த துணியால் சுற்றி, தரையிலிருந்து தூக்கிப் படுக்கவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் தரலாம். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. மது ஒரு சொட்டுக்கூடக் கூடாது. வாய் கோணினாலோ ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ நெஞ்சு அழுத்தினாலோ, பனி என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸ்.

மற்றது நடத்துகிறவர்களின் வேலை. அலங்காநல்லூரை ஒட்டிய கீழக்கரையில் சுமார் 66 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் எழுந்து, 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. பார்வையாளருக்கு இருக்கையும் கூரையும் கொடுக்க முடிந்த அரசுக்கு, பாரம்பரியக் களத்தை ஒட்டிய சாலையோரத்தில் ஓர் இரவுக்குப் பந்தலும் தரையில் விரிக்கத் தார்ப்பாயும் சுக்கு மல்லிக் காபியும் ஏற்பாடு செய்வது பெரிய காரியமே அல்ல. அந்த வரிசையில் ஒரு மருத்துவக் குழு காலை ஏழு மணிக்குப் பதிலாக நள்ளிரவிலிருந்தே இருக்க வேண்டும்.

அதைவிட அடிப்படையான கேள்வி, அந்த வரிசை ஏன் இரவில் நிற்க வேண்டும் என்பது. ஆன்லைனில் பதிவு செய்து டோக்கன் வாங்கித்தான் காளைகள் வருகின்றன. டோக்கன் கையில் இருந்தும் மாலைக்குள் தம் காளைக்கு முறை வராமலே போய்விடுமோ என்ற பயத்தில்தான் உரிமையாளர்கள் முந்தைய நாளே வந்து குவிகிறார்கள். அப்படி அவிழ்க்காமலே திரும்பிய காளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு, ஆகவே அந்தப் பயம் நியாயமானது. ஏறக்குறைய ஆயிரம் காளைகள், காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை சுமார் பத்து மணி நேரம், அதாவது மணிக்கு நூறு காளை. அவிழ்க்க முடிந்த அளவுக்கு மட்டும் டோக்கன் கொடுத்து, ஒவ்வொரு டோக்கனிலும் வர வேண்டிய நேரத்தை அச்சிட்டு, அந்த நேரத்தைக் காவல்துறை கறாராகக் காத்தால் எண்ணூறாவது காளை வாடிவாசலுக்குள் நுழைவது பிற்பகல் மூன்று மணி வாக்கில். அதன் உரிமையாளர் வீட்டில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, காலை பத்து மணிக்கு வண்டியில் ஏற்றினாலே போதும்.